கிணற்றுப் பங்கு

கொக்குவில், கோண்டாவில், இணுவில் என ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் எம் ஊர்களின் பெயரீற்றில் நிற்கும் 'வில்' என்னும் சொல் சிறு நீர்நிலையைக் குறிப்பது என்று இடப்பெயர் ஆராய்வார் சிலர் கூறுவர். அஃது உண்மையாயின், எம் முன்னோர் தம் குடியிருப்பை நீரைக்கொண்டே அறிந்தும் அழைத்தும் வந்தனர் என்பது பெறப்படும். இன்று அவ்வூர்களில் நீர்நிலையைத் தேடிச் செல்வார்க்கு மதிலும் நீர்த்தாங்கியுமே பெரும்பாலும் கண்ணிற் படும்.

அண்மையில் எம்மூரவர் கூடிய ஒரு சபையில் இருவர் பேசினர். ஒருவர், "நம்மவர் தொகை அருகி வருகின்றது, பாடசாலைகளிற் பிள்ளைகள் இல்லை" என்று வருந்தினார். மற்றவர், "நிலம் போதவில்லை, நீர் போதவில்லை, சனம் பெருகிவிட்டது" என்று முறையிட்டார். சபையோர் இருவருக்கும் கைதட்டினர், யாமும் தட்டினோம். வீடு திரும்பும் வழியிலே எமக்கு ஓர் ஐயம் பிறந்தது. மக்கள் குறைதலும், அவர்க்கு நிலமும் நீரும் போதாமையும் ஒருங்கே உண்மையாதல் கூடுமோ? கூடுமாயின், பெருகியது யாது? இவ்வையத்தை ஆசிரியர்களாகிய அன்பர்கள் முன்னிலையில் ஆராய்ந்து துணிய விரும்புகின்றோம்.

முதலிலே கணக்கைப் பார்ப்போம். 1981-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இப்போதைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தொகை 6 இலட்சத்துக்கும் குறைந்தது. இடையிலே போர் நிகழ்ந்தது. மாண்டார் பலர், புலம்பெயர்ந்தார் பலர். குறைந்தவாறு இத்துயரத்தால் என்பதை நாம் மறத்தற்கில்லை. ஆயினும் கணக்குக் கணக்கே. தலைகள் குறைந்தன, நிலத்தின்மீதும் நீரின்மீதும் ஏறிய சுமையோ குறைந்திலது.

யாம் மிசன் பாடசாலையிற் கற்ற காலத்தில், மால்தஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1798-இல் எழுதிய மக்கட்பெருக்க நூலின் கருத்தை எம் ஆசிரியர் கரும்பலகையில் விளக்கிக் காட்டினார். மக்கட்டொகை இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருக்கல் முறையாலும், உணவோ ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டல் முறையாலும் வளரும் என்பது அவர் கொள்கை. அவர் எழுதிய காலத்தில் உலக மக்கள் ஏறக்குறைய 100 கோடி. 2022-இல் அத்தொகை 800 கோடியைத் தொட்டது. அவர் அஞ்சியவாறு உணவு ஒருங்கே அற்றுப்போகவில்லை. அக்கொள்கை முற்றும் பொய்த்தது எனலும் ஆகாது. பூமி பெருகாதபோது மக்கள் எல்லையின்றிப் பெருகுதல் இயலாது என்பதை எவர் மறுப்பார்? ஆனால் அவர் கணக்கிலே வாய்கள் எண்ணப்பட்டன. ஒவ்வொரு வாயும் எவ்வளவு கொள்ளும் என்பது எண்ணப்படவில்லை. அக்குறையை எம்மூர்க் கிணறு எமக்குக் கற்பித்தது.

யாழ்ப்பாணத்து நிலத்தின் இயல்பை மாணாக்கர்க்கு நாம் ஆண்டுதோறும் உரைக்கின்றோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கத்திற் கடனீரேரியைச் சேர்வது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நம் முதல். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, கீழே நிற்கும் உவர்நீரின்மேல் வில்லை போல மிதக்கின்றது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்று. கடல்நீர் நன்னீரினும் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கனமுடையது. ஆதலின் கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் 1 அடி நிற்குமாயின் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது பௌதிக நூலார் கணக்கு. இதனை மறுதலையாகப் பார்த்தல் வேண்டும். மேலே 1 அடி நீர் நிலையாகத் தாழ்ந்தால், கீழேயிருந்து உவர் ஏறக்குறைய 40 அடி எழுதற்கு இடமுண்டாகும். நாம் மேலே எடுப்பது சிறிதாகத் தோன்றினும் கீழே இழப்பது பெரிது.

இந்நீரை எம் முன்னோர் துலாவால் இறைத்தனர். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் வாய்க்காலில் நீரைக் கட்டுவார். கொக்குவிலிற் புகையிலைத் தோட்டங்களும் சுருட்டுக் கொட்டில்களும் செழித்த காலத்தில் அத்தோட்டங்களை வளர்த்தது இவ்விறைப்பே. மனிதனுடைய காலும் தோளும் ஓயும்போது கிணறும் ஓய்ந்தது. எருவும் அவ்வாறே: மாட்டுப்பட்டி அடைத்தும், குழை தாட்டும் நிலத்தைப் பேணினர். அவர்கள் எல்லாரும் நம்மினும் ஒழுக்கத்தால் உயர்ந்தவர் என்று யாம் கூறவில்லை. அளவு அவர்களுடைய மனத்தில் இருந்ததோ இல்லையோ, அவர்களுடைய கருவியில் இருந்தது.

1950-களின் பின்னர் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவிற்று. யூரியா முதலிய செயற்கை உரங்கள் பின்தொடர்ந்தன. இயந்திரத்திற்குக் களைப்பில்லை, எனவே கிணற்றுக்கு ஓய்வில்லை. பயிர் உண்ணாது விட்ட உரம் மழையோடு கல்வெடிப்பில் இறங்கியது. வீடுதோறும் உள்ள மலசலகூடக் குழியின் கழிவும் அவ்வழியே இறங்கியது. 1980-கள் முதல் வெளிவந்த ஆராய்ச்சிகள் பலவும், வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்துள்ளமையைக் காட்டின. இவ்வுப்புக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைத்தாலும் நீங்காது. பச்சிளங் குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குன்றச்செய்து உடலை நீலம்பாரிக்கச் செய்யவல்லது.

இனி எம் குற்றத்தைச் சொல்லவேண்டும். பிறரைத் திருத்தப் புகுவோன் தன் வளவைக் காட்டாது ஊரைக் காட்டுதல் முறையன்று.

எம் தாய்வழி வந்த காணி 4 பரப்பு. அதன் பழைய உறுதியிலே, காணியின் எல்லைகளைச் சொல்லிய பின்னர், கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்காற் பங்கும் எமக்குரியன என்று எழுதப்பட்டுள்ளது. நான்கு வீட்டார்க்கு ஒரு கிணறு. யாம் சிறுவராயிருந்தபோது அக்கிணற்றடியில் முறைவைத்தே நீர் அள்ளுவர். முறை பிசகினாற் சச்சரவு எழும். ஆண்டுக்கொருமுறை நான்கு வீட்டாரும் கூடிக் கிணறு இறைத்துச் சேறெடுப்பர். பின்னர் யாம் உத்தியோகம் பெற்று வீடு கட்டியபோது புதிதாக ஒரு கிணறு வெட்டி மோட்டாரும் பூட்டினோம். பழைய கிணற்றில் நீர் போதாமையால் அன்று. பங்காளர் முகத்தைப் பாராமல், முறை காத்து நில்லாமல், எவரிடமும் ஒரு சொற் கேளாமல் வாழலாம் என்பதே காரணம். மற்றை மூவரும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாறே செய்தனர். பழைய கிணறு குப்பைக் குழியாயிற்று.

மகளின் கலியாணத்தின்போது 4 பரப்பை இரண்டாகப் பிரித்துச் சீதனம் எழுதினோம். 16 பரப்பு 1 ஏக்கர். 2 பரப்பு என்பது 5,445 சதுர அடி. அது சமசதுரமாயின் ஒரு பக்கம் 74 அடிக்கும் குறைவு. அதனுள்ளே வீடு, கிணறு, மலசலகூடக் குழி ஆகிய மூன்றும் அடங்கவேண்டும். எங்கள் குழி எங்கள் கிணற்றிலிருந்து 30 அடியில் அமைந்தது. அயல்வீட்டார் கிணற்றுக்கு அதனினும் அணித்தாயிற்று. பேரப்பிள்ளை பிறந்தபின் கிணற்று நீரைச் சோதிப்பித்தோம். நைத்திரேற்று எல்லையைக் கடந்திருந்தது. இன்று அக்குழந்தைக்குப் போத்தலில் அடைத்த நீர் வாங்குகின்றோம். வெறும் போத்தல்கள் வளவின் மூலையிற் குவிகின்றன. அயல்வீட்டுக் கிணற்றை யார் சோதிப்பித்தார்? யாம் கேட்கவில்லை; கேட்க வெட்கினோம்.

ஒரு கிணறு நான்காயிற்று. ஒரு குழி ஐந்தாயிற்று. ஆனால் அந்நான்கு வளவிலும் வாழ்வோர் தொகையை எண்ணினால், எம் சிறுவயதில் இருபத்தொருவர், இப்போது பதினொருவர். சபையில் எழுந்த இரண்டு முறைப்பாட்டிற்கும் இதுவே விடை. குறைந்தது தலை, பெருகியது வேலி. ஒருவரோடொருவர் பகிர்ந்து துய்த்ததைத் தனித்தனியே துய்க்கத் தொடங்கியமையால், சிலராயினும் பலராயிருந்தபோதினும் மிகுதியாக எடுக்கின்றோம், மிகுதியாகக் கழிக்கின்றோம்.

"அற்றேல், மக்கட்டொகை ஒரு பொருட்டன்றோ?" எனின், பொருட்டே. அதனையும் யாம் கண்ணாற் கண்டோம். 1995-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், வலிகாமத்தார் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, யாம் தங்கிய வளவிலே ஏறக்குறைய 60 குடும்பங்கள் ஒரு கிணற்றைச் சார்ந்திருந்தன. மாலையில் வாளி சேற்றைத் தட்டும். தலைகள் பெருகினால் நீர் வற்றும் என்பதை அக்கிணற்றடியில் நின்ற எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் விடியற்காலையில் அது ஊறியிருக்கும். குடும்பத்துக்கு ஐவர், ஆளுக்கு 20 லீற்றர் எனக் கொண்டால், 60 குடும்பங்களும் ஒரு நாளில் அள்ளியது 6,000 லீற்றர். நிமிடத்துக்கு 400 லீற்றர் இறைக்கும் ஓர் இயந்திரம் அதனை 15 நிமிடத்தில் இறைத்துவிடும். முந்நூறு அகதிகளின் ஒருநாள் வாழ்வு, ஓர் இயந்திரத்தின் கால்மணிநேரம். இக்கணக்கை ஐந்தாம் வகுப்பு மாணாக்கனும் செய்வான். ஆனால் நம்முள் எத்தனைபேர் அதனை அவனுக்குக் கொடுத்தோம்?

உலகிலும் நிலை இதுவே. எம் உடன்பிறந்தார் ஒருவர் கனடாவில் வாழ்கின்றார். எரிபொருளால் வானிற் சேரும் கரியமில வாயு, கனடா நாட்டவர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 14 தொன். இலங்கையர் ஒருவருக்கு ஏறக்குறைய 1 தொன். ஒரு தாய்வயிற்றுப் பிறந்த இருவரையும் குடிசன மதிப்பீடு ஒவ்வொருவர் என்றே எண்ணும். வானம் அவ்வாறு எண்ணாது. இதனால் எம் தம்பியார் பழிக்கப்படுவாரல்லர்; குளிர்நாட்டில் வீட்டைச் சூடேற்றாது வாழ்தல் இயலாது. ஆனால் வறிய நாட்டாரைப் பார்த்து "பிள்ளை பெறாதீர்" என்பதோடு பேச்சை முடிப்பார், தம் பங்கை மறைத்துப் பிறர் தலையை எண்ணுகின்றனர் என்பது தெளிவு. எம்மை விட்டுவிட்டு அயலவரை எண்ணும் அப்பழக்கம் எமக்கும் உண்டென்பதையே மேற்சொன்ன கிணறு காட்டிற்று.

இனி, "சுருங்கி வாழ நாம் அறியாதவரா? 1990 முதல் வாழ்ந்து காட்டினோமே" என்பாருமுளர். மெய்யே. அவ்வாண்டு மின்சாரம் நின்றது. எரிபொருளும் யூரியாவும் தடைப்பொருள்களாயின. ஜாம் போத்தலுள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கின் ஒளியில் நம் மாணாக்கர் கற்றுப் பரீட்சையிற் சித்தியெய்தினர். தோட்டங்களில் மறுபடியும் துலாவைக் கண்டோம். ஆயினும் உணவின்றிப் பட்டினி கிடந்தவனை நோன்பிருந்தான் என்று கூறுதல் வழக்கமன்று. உணவு முன்னே இருக்க, அளவறிந்து நிறுத்துவதே நோன்பு. தடையாற் சுருங்கியது தவமாயிருந்தால், தடை நீங்கியபின்னும் அது சிறிதளவேனும் நின்றிருக்கும். 2009-இன் பின் பாதை திறந்தது, பொருள்கள் வந்தன, கடனும் வந்தது. இழந்ததையெல்லாம் ஒருசேர மீட்பார்போல நாம் வாங்கினோம். நெடுங்காலம் இழந்தாரை அதற்காக இகழ்தல் கூடாது. ஆனால் நாம் கற்றோம் என்று எண்ணிய பாடத்தை உண்மையிற் கற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

"என் காணி, என் கிணறு, மின்சாரத்துக்கும் பணம் கட்டுகின்றேன். எவ்வளவு இறைத்தால் எவருக்கு என்ன?" என்பது பிறிதொரு தடை. கட்டிய பணம் மின்சாரத்தின் விலை, நீரின் விலையன்று. கிணறு என்பது கல்லாலும் சாந்தாலும் அமைந்த ஒரு வாய். அவ்வாய் திறப்பது எல்லார்க்கும் பொதுவான ஒரே நீரில். மதில் நிலத்தின்மேல் நிற்கும், கீழே மதிலில்லை. சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் அயற்கிணறுகளிற் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் நிலத்திற் சிந்தியது பலர் நீரிற் சேரும் என்பதை அவ்வழக்கு நாடறியச் செய்தது. எண்ணெய்க்குப் பொருந்துவது எம் வளவுக் குழிக்கும் பொருந்தும். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, எம்முடையது தெரியவில்லை. இவ்வளவே வேற்றுமை. பழைய உறுதி எழுதிய நொத்தாரிசு 'கிணறு' என்னாது 'கிணற்றிற் பங்கு' என்று எழுதியது சட்டவழக்கு மாத்திரமன்று. நிலத்தடி நீரின் உண்மை இயல்பும் அதுவே.

சைவர்க்கு இது புதிய பாடமன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆன்மாக்கள் மலவலி நீங்கிப் பக்குவமுறும்பொருட்டு இறைவனால் அருளப்பட்டன என்று நாம் வகுப்பிற் சொல்லுகின்றோம். 84 இலட்சம் யோனிபேதங்களிலும் உயிர்கள் உள்ளன என்றும் சொல்லுகின்றோம். ஆயின் புவனம் நமக்கு மாத்திரம் அருளப்பட்டதன்று. இன்றுள்ளோர்க்கு மாத்திரமும் அன்று. போகம் மருந்துபோல்வது. மருத்துவச்சாலையில் ஒருவனுக்குரிய மருந்தை மற்றொருவன் சேர்த்துக் குடித்தால், அவன் நோய் தீராது. அவனுக்கடுத்து வரிசையில் நிற்பவன் நோயும் தீராது. எம் பேரப்பிள்ளை அவ்வரிசையில் நிற்பதை யாம் காணுமளவும் இவ்வுண்மை எமக்கு நூலறிவாகவே இருந்தது.

"புதிய நீரைக் கொணர்ந்தால் இத்தொல்லை தீராதோ?" எனின், முழுதும் தீராது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் தம் வயலுக்கு நீர் போதாதென்று எதிர்த்தனர். அத்திட்டத்துக்கு மாற்றாகத் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரவல்ல கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. அது வேண்டியதே, நோயுற்ற கிணற்று நீரைக் குடிப்பார்க்கு அஃது உயிர்காப்பு. ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும்; மின்சாரத்துக்கு எரிபொருளோ பிறிதொன்றோ வேண்டும். அளவறியாதான் குழாய்நீரையும் கிணற்றுநீரையே போலக் கொள்வான். எம் கழிவு நிலத்துள் இறங்குவதையும் அந்நிலையம் தடுக்கமாட்டாது.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது யாது? வெங்காயமும் புகையிலையும் செய்து வயிறு வளர்க்கும் தோட்டக்காரர் முன் சென்று "குறைவாக இறை" என்று முதலில் உபதேசித்தல் தகாது. அவருக்கு நீர் சோறு. மாதவேதனம் பெறும் நமக்கோ அது பெரும்பாலும் வசதி. ஆதலின் நம்மிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு பாடசாலைக் கிணற்றிலும், முடிச்சிட்ட ஒரு கயிற்றைக்கொண்டு, திங்கள்தோறும் நீர்மட்டத்தை மாணாக்கரே அளந்து சுவரில் எழுதலாம். மிசன் பாடசாலையில் எம் ஆசிரியர் எமக்குத் தந்த பெருநன்மை, அளந்தபின் பேசுக என்பதே. கூரையில் விழும் மழைநீரைக் கடலுக்கு ஓடவிடாது நிலத்துக்குள் இறக்கலாம். ஊர்க்குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்ப முயல்வார்க்கு, அக்குளம் வெறுநிலமன்று, கிணறுகளின் வாய் என்று எடுத்துரைக்கலாம். வீடு கட்டும் இளைஞர்க்குக் குழியின் இடத்தைத் தீர்மானிக்குமுன் அயலவன் கிணற்றின் இடத்தைக் கேட்டறியக் கற்பிக்கலாம்.

"ஒருவன் குறைத்தால் என்னாகும்?" என்று கேட்பர். அறம் பலரைக் கூட்டிக்கொண்டு தொடங்குவதன்று. மேலும் எங்கள் நான்கு வீட்டாரும் ஒருங்கு கூடியா கிணற்றைக் கைவிட்டோம்? முதலில் ஒருவர் கைவிட்டார், அவர் யாம். கெடுவதற்கு ஒருவர் போதுமாயின், திருந்துதற்கு ஏன் போதாது?

சென்ற வைகாசியில் அயல்வீட்டார் மூவரிடமும் யாம் சென்றோம். எம் குழியின் அண்மையைச் சொல்லி, அவர்கள் நீரையும் சோதிப்பிக்க வேண்டினோம். ஒருவர் சினந்தார், அவர் சினம் நியாயமே. எம் குழியை மூடி, கழிவு கசியாத தொட்டி அமைத்தோம். பழைய கிணற்றின் குப்பையை அகற்றும் வேலை தொடங்கியுள்ளது. மூவருள் இருவர் கைகொடுக்கின்றனர். அதன் நீர் குடித்தற்காகுமோ என்பது சோதித்தபின் தெரியும். ஆகாவிடினும், நால்வரும் மறுபடி ஒரு கிணற்றடியில் நின்றோம். உறுதியிலே எழுதிய அப்பங்கு எடுப்பதற்கு மாத்திரமன்று, காப்பதற்கும் உரியது என்பதை ஐம்பது வயதின்பின் அறிந்தோம். நம் மாணாக்கர் அதனை ஐந்தாம் வகுப்பிலேயே அறியத் திருவருள் துணைசெய்க.